இரண்டு ஓட்டு வேண்டும்

கம்பெனியின் மூன்று கணினிகளுக்கும் தலைமைப் பொறுப்பாளராக லீலாவை நியமித்த அன்று, அந்தப் பதவி தனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்த அருளானந்தம் பூன் லேயிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். "கங்கிராட்ஸ், மேடம்" என்றார். அதுவரை அவளை லீலா என்று கூப்பிட்டவர். அதற்குப் பிறகு எப்போதும் மேடம்தான். கேலி என்று சொல்லவும் முடியாது, மரியாதை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. லீலாவும் பதிலுக்கு அவரை மிஸ்டர் அருளானந்தம் என்று கூப்பிடத் தொடங்கினாள். பெயர் நீளமானதால் அவர்களுடைய உரையாடல்கள் சுருங்கின.

கிளினிக்குகளுக்கு மருந்து விநியோகிக்கும் கம்பெனி அது. தலைமை அலுவலகம் செராங்கூன் சாலையில், ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கிடங்கு பூன் லேயில். குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிளை அலுவலகம். மூன்று இடத்திலும் தலா ஒரு கணினி. ஒரே கோப்புகள் மூன்றிலும் இருந்தன. ஒன்றில் மாற்றினால், வாடகைக்கு எடுத்த தொலைபேசிக் கம்பிகள் வழியாக மற்ற இரண்டிலும் மாறும். ஒன்று கெட்டுப்போனாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும் என்பதுதான் இதை விற்றவர் சொன்ன சிறப்பு.

ஒரு நிபந்தனையும் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஓட்டு. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக்கூடிய இரண்டு ஓட்டாவது இருந்தால்தான் கணினிகள் வேலை செய்யும். தனியாக விடப்பட்ட கணினி, மற்றவை செத்துவிட்டனவா அல்லது கம்பிதான் அறுந்துவிட்டதா என்று அறியாது. ஆகவே எதையும் எழுதாமல், இன்னொருவர் வரும்வரை அப்படியே நின்றுவிடும். இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குப் பெயர் கோரம் என்றார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் ஆஸ்திரேலியாக்காரர்.

முந்தின ஆண்டு ஒரு சோதனையின்போது பூன் லேயும் செராங்கூன் சாலையும் தனித்தனியாக ஓட விடப்பட்டன. அன்று கிடங்கில் டெட்டனஸ் ஊசி மருந்து ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதை ஒரு கணினி தோ பாயோவில் ஒரு கிளினிக்குக்குக் கொடுத்தது. மற்றது அங் மோ கியோவில் ஒரு கிளினிக்குக்குக் கொடுத்தது. இரண்டு கணினிகளும் தங்கள் கணக்கே சரி என்றன. பிறகு கம்பியை மாட்டியபோது எதை நம்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோப்புகளை ஒன்றாக ஒட்டவைக்க லீலாவும் அருளானந்தமும் எதிரெதிரே உட்கார்ந்து பல நாள் வேலை பார்த்தார்கள். அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்ட நாட்கள் அவைதாம்.

1988 ஜனவரியில், பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புதன்கிழமை காலை குவீன்ஸ்டவுனிலிருந்து பிலோமினம்மாள் கூப்பிட்டார். அங்கே கணினிக்கு அவர்தான் பொறுப்பு. கம்பெனியில் வேறு யாரும் வாங்காத சான்றிதழ்கள் தன்னிடம் இருப்பதாகப் பேச்சுக்கு நடுவே அடிக்கடி நினைவூட்டுவார்.

"லீலா, மேல் வீட்டு பாத்ரூம் பைப் உடைஞ்சிருச்சு. மெஷின் மேல தண்ணி ஊத்துது."

"கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணாம உங்கூடப் பேசிக்கிட்டு இருப்பேனா? கோர்ஸ்ல மொத நாளே அதான் சொல்லிக் கொடுத்தாங்க. வாளி வச்சிருக்கேன். ஒண்ணு பத்தல."

குவீன்ஸ்டவுன் போய்விட்டது, இரண்டு ஓட்டு மீதம். வேலை நடந்தது. லீலா ஒரு கோப்பி வாங்கிக் குடித்தாள். ஜன்னலுக்குக் கீழே நடைபாதை ஓரம் கரும்புக் கட்டுகளைச் சாத்தி வைத்திருந்தவர்கள் மழைக்காக அவற்றின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மதிய உணவுக்கு முன் அச்சு இயந்திரம் ஒரு வரியின் நடுவில் நின்றது. 'பாரா' வரைக்கும் அடித்திருந்தது, 'சிட்டமால்' வரவில்லை. திரையில் பூன் லேயைக் காணோம் என்றும், காத்திருப்பதாகவும் கணினி அறிவித்தது. லீலா பூன் லேக்குத் தொலைபேசியைச் சுழற்றினாள். மணியே அடிக்கவில்லை. பூன் லேயை ஒட்டிய ஜூரோங் பக்கம் எங்கோ மண் தோண்டும் இயந்திரம் கம்பிக் கட்டு ஒன்றை இழுத்துவிட்டது என்றும், அந்த வட்டாரம் முழுக்கத் தொலைபேசி போய்விட்டது என்றும் விசாரித்த பிறகு தெரிந்தது. கணினிகள் பேசிக்கொள்ளும் கம்பியும் மனிதர்கள் பேசிக்கொள்ளும் கம்பியும் ஒரே பள்ளத்தில்தான் போயின.

மேனேஜர் பாலகிருஷ்ணன் கணினி அறைக்கு வந்தார். குளிர் தாங்காத ஆள். அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் கைகளைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார்.

"இதைத் தனியா ஓட்ட வழி இருக்குல்ல?"

"இருக்கு சார். ஒரு ஓட்டே போதும்னு ஒரு கமாண்ட் கொடுத்தா ஓடும்."

"அப்ப கொடு."

"பூன் லே மெஷின் செத்துருந்தா கொடுக்கலாம் சார். அது உயிரோட இருந்து, அங்கயும் அதே கமாண்டைக் கொடுத்துட்டா போன வருஷக் கதைதான். டெட்டனஸ்."

பாலகிருஷ்ணனுக்கு டெட்டனஸ் நினைவிருந்தது. இரண்டு கிளினிக்கிலும் மன்னிப்புக் கேட்கப் போனவர் அவர்தான். ஆனாலும் விடவில்லை.

"அருள் இந்நேரம் ஸ்டார்ட் பண்ணியிருப்பான். அவன் உன்னைக் கேட்டுக்கிட்டு இருப்பான்னு நெனைக்கிறியா? நீயும் ஸ்டார்ட் பண்ணிடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"அவர் ஸ்டார்ட் பண்ணியிருந்தா நான் பண்ணவே கூடாது சார்."

"பண்ணலேன்னா?"

"பண்ணலேன்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் பண்ணக் கூடாது."

"ஆகமொத்தம் பண்ண மாட்டே."

"ஆமா சார்."

அருளானந்தத்திடம் ஒரு பேஜர் இருந்தது. லீலா அவருடைய பேஜருக்குத் தன் எண்ணை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குச் சொல்லும் வழக்கம் பேஜருக்குக் கிடையாது. பதில் கூப்பிட அவரிடம் தொலைபேசியும் இல்லை. இதை அனுப்பிய பிறகுதான் யோசித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கீழே போய் டாக்சி பிடித்தாள். பாலகிருஷ்ணனுக்கு அந்தக் கட்டளையை எப்படி அடிப்பதென்று தெரியாது என்பது ஒன்றே அவளுக்கு இருந்த நிம்மதி.

டாக்சி விரைவுச்சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. மழையில் எதிர்ப்பக்கம் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால், கம்பெனி லாரி ஒன்று கிழக்கே போவதையும், ஓட்டுநர் காதர் மைதீனுக்குப் பக்கத்தில் அருளானந்தம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருப்பாள். அருளானந்தத்தின் பேஜர் கொஞ்சம் முன்னால்தான் ஒலித்திருந்தது. செராங்கூன் சாலை எண். "நிறுத்தட்டுமா? போன் பண்றீங்களா?" என்று காதர் மைதீன் கேட்டார். "எப்படியும் அங்கதான போறோம்" என்றார் அருளானந்தம்.

கிடங்கின் சாமான் மேற்பார்வையாளர் மிஸ்டர் டான், லீலாவைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"அருளா? அருள் உன்னைத் தேடித்தான் போயிட்டான் லா! போன் இல்ல, எப்படிக் கேக்கறதுன்னு லாரி எடுத்துட்டுப் போனான்."

லீலா திரும்பிப் பார்த்தாள்; டாக்சி போய்விட்டிருந்தது. தன்னுடைய கணினிக்கு முன் அவரும், அவருடைய கணினிக்கு முன் தானும். இரண்டு பேரும் அதே நல்ல யோசனையைச் செய்து, அவரவர் கணினிக்கு அவரவர் காவல் என்று இருந்த ஒரே ஏற்பாட்டையும் கெடுத்திருந்தார்கள்.

அருளானந்தத்தின் அறைக்குள் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி தாழ்வாக இருந்தது. முழங்கால் மேசையில் இடித்தது. திரையைப் பார்த்தாள். ஒரு ஓட்டே போதும் என்கிற கட்டளை முழுதாக அடித்து வைக்கப்பட்டிருந்தது. எழுத்துப்பிழை இல்லை. எண்டர் விசை மட்டும் அழுத்தப்படவில்லை. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் வெளிச்சக் கட்டம் ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, அழுத்தவில்லையே என்று தோன்றியது. அதற்குப் பிறகு வந்தது பயம். இங்கே கடைசி விசை வரை வந்தவர் அங்கே எதுவரை போவார்? பக்கத்தில் பாலகிருஷ்ணன் நிற்பார். கொடு, கொடு என்பார். அங்கே அருளானந்தத்தைத் தடுக்க யாரும் இல்லை. அவர் அங்கே அழுத்தியிருந்தால், இவள் இங்கே அழுத்தக் கூடாது. அழுத்தியிருக்காவிட்டால், இவள் அழுத்தலாம். ஆனால் அழுத்திய மறுநிமிடம் அவர் அங்கே அழுத்திவிட்டால்? எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் சும்மா இருப்பதில்தான் போய் முடிந்தது. லீலா அந்தக் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். சுண்டுவிரல் எண்டர் விசைமேல் பட்டுவிடாதபடி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழித்தாள்.

கிடங்கில் வேலை முழுதாக நின்றிருந்தது. கணினி வருவதற்கு முன் மருந்துகள் எழுத்து வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. வந்த பிறகு, எங்கே இடம் காலியோ அங்கே வைத்தார்கள்; எது எங்கே இருக்கிறது என்பதைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டது. இதனால் இடம் நிறைய மிச்சமானது. அலமாரிகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை மிஸ்டர் டான் தன் கையாலேயே கிழித்திருந்தார். இப்போது கூரை உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே அவர் நடந்துபோய் நடந்துவந்தார். லாரி ஓட்டுநர்கள் ஏற்றுமேடையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு பெண் குடையோடு வந்து நின்றாள். பெயர் சந்திரமதி. அங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். வெள்ளைக் காலணி முழுக்கச் சேறு.

"ரொம்ப நேரமா போன் பண்றேன், லைனே கிடைக்கல. அதான் பஸ்ஸைப் பிடிச்சு நேரா வந்துட்டேன். இன்சுலின் வேணும். சாயந்தரம் கிளினிக் தொறக்கறதுக்குள்ள வேணும்."

"மெஷின் நின்னுருச்சு. எங்க இருக்குன்னு பாக்க முடியல" என்றாள் லீலா.

"மெஷின் நின்னா மருந்து காணாமப் போயிருமா?"

"இங்கேதான் இருக்கு. எங்கேன்னுதான் தெரியாது."

சந்திரமதி கிடங்கை நிமிர்ந்து பார்த்தாள். கீழிருந்து மேல்வரை, பிறகு இடமிருந்து வலம்வரை. "ஒரு பேஷன்ட் ஏற்கெனவே வந்து உக்காந்திருக்கார். வயசானவர். டாக்டர்கிட்ட நான் இதை எப்படிச் சொல்றது?"

லீலாவின் கண் அறைக்குள் இருந்த திரையின் பக்கம் போனது. அந்தக் கட்டளை நீளமானதல்ல. அடித்தால் இடம் தெரிந்துவிடும். இந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு உடனே நிறுத்தியும் விடலாம். நிறுத்தவும் விட மாட்டார்கள் என்பது அடுத்த எண்ணம். மிஸ்டர் டான் ஏற்றுமேடையில் இருப்பவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஓடிவருவார்.

"இன்சுலின் குளிர்ல தான் இருக்கும்" என்றாள் லீலா. "குளிரறை சின்னது. வாங்க, தேடுவோம்."

மிஸ்டர் டான் மூன்று கனமான மேல்சட்டைகளைக் கொண்டுவந்தார். மூவரும் குளிரறைக்குள் போய்ப் பெட்டி பெட்டியாக இறக்கிப் பெயர் படித்தார்கள். சின்னது என்று லீலா சொன்னது மற்ற கிடங்கோடு ஒப்பிட்டு. விரல் மரத்துப் போனதும் வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி போனார்கள். சந்திரமதி, தான் நர்சிங் பயிற்சியில் சேர்ந்தது இதற்காக அல்ல என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு பேசாமல் தேடினாள். கண் சொட்டுமருந்துக்குப் பின்னால் இன்சுலின் இருந்தது. இருந்ததில் பெரும்பகுதியை லீலா எடுத்துக் கொடுத்தாள். சந்திரமதி ஐஸ் போட்ட பையில் அதை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். மிஸ்டர் டான் அவளை ஒரு ஓட்டுநரோடு அனுப்பிவைத்தார்.

செராங்கூன் சாலையில் அதே சமயம் அருளானந்தம் லீலாவின் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் பாலகிருஷ்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"லீலா அங்க போனா, நீ இங்க வந்துட்டே. இப்ப அந்தப் பொண்ணு அங்க ஸ்டார்ட் பண்ணிருச்சோ என்னமோ. நீ இங்க ஓட்டு அருள்."

"ஸ்டார்ட் பண்ணியிருந்தா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?" என்றார் பாலகிருஷ்ணன். பிறகு குரலைத் தணித்தார். "இந்த நாற்காலி உனக்குத்தான் வந்திருக்கணும்னு நான் அப்பவே சொன்னேன். மேலேர்ந்து வேற மாதிரி முடிவாயிருச்சு. இன்னைக்கு நீ ஓட்டிக் காட்டு. மறுபடி பேசலாம்."

அருளானந்தம் விசைப்பலகையைப் பார்த்தார். காலையில் பூன் லேயில் அதே கட்டளையை அடித்தார், எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார், மறுபடி பார்த்தார், லாரியில் ஏறிவிட்டார். அங்கே யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். இங்கே மேனேஜர் பார்க்கிறார். அவரே செய்யச் சொல்கிறார். எல்லாம் சாதகமாக இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. லீலா பூன் லேயில் அவருடைய அறைக்குள் போயிருப்பாள். அவர் அடித்துவைத்ததைப் பார்த்திருப்பாள். இந்த ஆள் எப்படியும் அழுத்திவிடுவான் என்று நினைத்து அவள் அழுத்தாமல் இருப்பாளா, அதே காரணத்துக்காக முந்திக்கொண்டு அழுத்திவிடுவாளா?

"குவீன்ஸ்டவுனுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன் சார்" என்றார்.

குவீன்ஸ்டவுன் தொலைபேசி வேலை செய்தது. கம்பி அறுந்தது பூன் லேக்கு மட்டும்தான்.

"பிலோமினாக்கா, மெஷின் எப்படி இருக்கு?"

"காயுது தம்பி. பக்கத்து சலூன்ல ஹேர் டிரையர் வாங்கிட்டு வந்தேன். ஒரு பக்கம் ஃபேன், ஒரு பக்கம் டிரையர். பவர் பாக்ஸ் மட்டும் நனைஞ்சிருந்துச்சு. டிஸ்க் மேல ஒரு சொட்டு படல. நான் படுதா போட்டுட்டேன். வேற யாராவது இருந்திருந்தா—"

"தெரியும்க்கா. ஆன் பண்ண முடியுமா?"

"இப்ப பண்ணா புகை வரும். இன்னும் நல்லாக் காயணும். அவசரப்படுத்தாத."

அருளானந்தம் அவசரப்படுத்தவில்லை. பாலகிருஷ்ணன் அவசரப்படுத்தினார். தொலைபேசியைத் தானே வாங்கி, ஒரு மேனேஜருக்குரிய குரலில் பேசினார். பிலோமினம்மாள் தன் சான்றிதழ்களைப் பற்றிச் சொன்னார். பாலகிருஷ்ணன் தொலைபேசியை அருளானந்தத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

நேரம் போனது. அருளானந்தம் விசைப்பலகையைத் தொடவில்லை. தொடக் கூடாது என்பதற்காகக் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்ததாகப் பாலகிருஷ்ணன் பின்னால் மற்றவர்களிடம் சொன்னார். அது குளிருக்காக என்றார் அருளானந்தம்.

பிறகு பிலோமினம்மாள் கூப்பிட்டார். "ஆன் பண்ணிட்டேன். சத்தம் நல்லா வருது. மாதாவே, பாத்துக்கோ. வருதா உனக்கு?"

அருளானந்தம் திரையைப் பார்த்தார். குவீன்ஸ்டவுன் வந்துவிட்டதாகக் கணினி அறிவித்தது. இரண்டு ஓட்டு. அச்சு இயந்திரம் ஒரு உறுமலோடு நின்ற இடத்திலிருந்தே தொடங்கி, 'பாரா'வுக்குப் பக்கத்தில் 'சிட்டமால்' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனது. யாரும் எதையும் வற்புறுத்தவில்லை. பாலகிருஷ்ணன் கைகளை அவிழ்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் சார்."

"காலையிலேயே இதைப் பண்ணியிருக்கலாமே?"

"காலையில அது நனைஞ்சிருந்துச்சு சார்."

ஆனால் பூன் லேக்கு இது தெரியாது. அருளானந்தத்துக்கு இப்போதுதான் உண்மையில் பயம் வந்தது. இதுவரை இந்தப் பக்கம் நின்றிருந்தது. அங்கே லீலா அழுத்தியிருந்தாலும் ஓடுவது ஒரு பக்கம்தான். இந்த நிமிடத்திலிருந்து இங்கே ஓடுகிறது. அங்கே அவள் அழுத்தினால் பழைய கதை. காத்திருக்கும் ஆர்டர்களுக்கெல்லாம் எந்த மருந்து எந்த அலமாரியில் என்று அச்சடித்தார். தாள்களைக் கிழித்துச் சுருட்டிக் காதர் மைதீன் கையில் கொடுத்தார். காதர் மைதீன் நிறையப் பேசுகிற ஆள். சொன்ன விஷயத்தோடு தன்னுடையதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அதனால் அருளானந்தம் அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க. இங்க குவீன்ஸ்டவுன் வந்துடுச்சு. ரெண்டு ஓட்டு இங்க இருக்கு" என்றார் காதர் மைதீன். "இதுல என்ன இருக்கு, போங்க."

"நடுவுல டீக்கு நிறுத்தாதீங்கண்ணே."

"மழையில எவன் டீ குடிப்பான்" என்றார் அவர். மழையில்தான் எல்லாரும் டீ குடிப்பார்கள். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

பூன் லேயில் மிஸ்டர் டானின் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் லாரிகள் கிளம்ப வேண்டும். "யூ தி பாஸ்" என்றார் லீலாவிடம். "நீ சொன்னா ஓடும். ஒரு கட்டளை. அருள் காலையில அடிச்சு வச்சான், நான் பாத்தேன். நீ வந்து அதை அழிச்சே. அதையும் பாத்தேன்." தலைமைப் பொறுப்புக்கு வந்து முதல் பெரிய சிக்கலில், நாள் முழுக்க அவள் செய்த ஒரே வேலை ஒன்றும் செய்யாமலிருந்ததுதான். இதற்கு எதற்கு ஒரு பதவி என்று மேலே உள்ளவர்கள் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அருளானந்தம் அங்கே கமாண்டைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தால், நாளை அவர்தான் கெட்டிக்காரர். இவள் குளிரறையில் பெட்டி தூக்கியவள்.

திரைக்கு முன் போய் உட்கார்ந்தாள். கட்டளையின் முதல் சொல்லை அடித்தாள். இரண்டாவது சொல்லையும் அடித்தாள். பிறகு எழுந்து, ஏற்றுமேடைக்குப் போய், மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருளானந்தமும் காலையில் இப்படித்தான் எழுந்திருக்க வேண்டும் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது, முழுதாக இல்லை.

காதர் மைதீனின் லாரி வாசலில் திரும்பியது. இறங்குவதற்கு முன்பே கத்தினார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க! குவீன்ஸ்டவுன் வந்துருச்சு! ரெண்டு ஓட்டும் அங்க இருக்கு! டீ கூடக் குடிக்கல!"

லீலா உள்ளே போய் அந்த இரண்டு சொல்லையும் அழித்துவிட்டு வந்தாள். சுருட்டிய தாள்களை விரித்து, ஏற்றுமேடை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். கிடங்கு மறுபடி அசையத் தொடங்கியது. மிஸ்டர் டான் தன் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஒரு தாளில் லீலாவின் கண் நின்றது. குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு கிளினிக்குக்கு இன்சுலின், குளிரறை, இத்தனாவது தட்டு என்றிருந்தது. சந்திரமதிக்கு எடுத்துக் கொடுத்த அதே தட்டு. கணினி செய்யக் கூடாது என்று நாள் முழுக்கக் காவல் காத்த காரியத்தை, குளிரில் விறைத்துக்கொண்டு அவளே கையால் செய்து முடித்திருந்தாள். குளிரறைக்குப் போய் மீதமிருந்ததை எடுத்து அந்த கிளினிக்குக்கு அனுப்பினாள். போதாது; மிச்சம் நாளை வரும் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு சந்திரமதி கையெழுத்துப் போட்ட தாளை அருளானந்தத்தின் திரையில் ஒட்டிவைத்தாள், முதலில் பதிய வேண்டியது அதுதான் என்பதால்.

அலுவலகம் விடும் நேரத்துக்குக் கம்பியை ஒட்டிவிட்டார்கள். பூன் லே கணினி மற்ற இரண்டையும் கண்டுகொண்டது. தான் இல்லாதபோது என்னென்ன நடந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றாக வாங்கி எழுதிக்கொண்டு சேர்ந்துகொண்டது. அது கொஞ்ச நேரம் பிடித்தது. லீலா பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும்.

அருளானந்தம் பூன் லேக்குத் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. அவருடைய பையும் குடையும் அங்கே இருந்தன. திரையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். உட்கார்ந்து இன்சுலின் கணக்கைச் சரிசெய்தார். பிறகு இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"அடிச்சு வச்சிருந்ததைப் பாத்தேன்" என்றாள் லீலா.

"பாப்பீங்கன்னு தெரியும், மேடம்."

"ஏன் அழுத்தல?"

அருளானந்தம் கோப்பியை ஆற்றினார். "நீங்க அங்க அழுத்தியிருப்பீங்களோன்னு பயம்."

"நான் அழுத்துவேன்னு நெனச்சீங்களா?"

"பாதி."

"நீங்க அங்க அழுத்திருவீங்கன்னு நான் முக்காவாசி நெனச்சேன்" என்றாள். பிறகு, "நானும் ரெண்டு வார்த்தை அடிச்சேன்" என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கேலி எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. "டெட்டனஸை ஒட்டவச்சோமே, அந்த மாதிரி இன்னொரு தடவை என்னால உக்கார முடியாது. அதான் உண்மை."

"என்னாலயும் முடியாது."

ஒரு லாரி போனது. தண்ணீர் தெறிக்காமல் இருவரும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"பாலகிருஷ்ணன் சார் உங்க பதவியை எனக்குத் தர்றதாச் சொன்னார்" என்றார் அருளானந்தம். "அவரா தர முடியாது. இருந்தாலும் சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாற்காலி உயரம் ஜாஸ்தி, கால் தரையில படலேன்னு சொன்னேன்."

லீலா சிரித்துவிட்டாள். கோப்பி கொஞ்சம் சிந்தியது. "உங்க நாற்காலியில எனக்கு முழங்கால் இடிச்சுது."

"அதுல ஒரு திருகு இருக்கு, லீலா. திருப்பினா உயரும். யாரும் கேக்கறதில்லை."

பெயர் சொன்னதை இருவரும் கவனித்தார்கள்; இருவரும் கவனிக்காததுபோல் இருந்துகொண்டார்கள். நாளைக்குப் பிலோமினம்மாளின் அலுவலகத்துக்கு நேரில் போய் மேல் வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று பேசினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் போகக் கூடாது என்றும் பேசினார்கள். யார் போவது என்பதில் மட்டும் முடிவுக்கு வரவில்லை.

ஒரு பேருந்து விளக்கோடு வந்து நின்றது. லீலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, இது டிப்போவுக்குப் போகிறது என்றார். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.